கப்பல் ஆபீஸ் நெற்றியில் மூன்று பட்டை

காஞ்சிபுரத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் காலங்காலமாக நடந்துவரும் நாமச் சண்டையைத் தீர்த்துவைத்தவன் நான்தான்.

பொய். சண்டை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோர்ட்டு, ஜட்ஜு, வக்கீல் என்று படித்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுக் கைவிட்டதை, மூன்றாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து வந்த நான் எப்படித் தீர்ப்பேன்? நான் தீர்த்தது ஒரே ஒரு கட்டடத்தின் சண்டையை. அதையும் ஒழுங்காகச் சொன்னால் நான் தீர்க்கவில்லை. ஒரு டைப்ரைட்டிங் டீச்சர் தீர்த்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏணியும் ஒருமுறை சரிந்தது.

நான் பினாங்கில் பிறந்தவன். ஜவுளிக்கடையில் துணிப் பேல் தூக்குவது, வேன் ஓட்டுவது, முதலாளி கோபமாக இருந்தால் எதிரில் நின்று திட்டு வாங்குவது என் உத்தியோகம். முதலாளிக்குக் காஞ்சிபுரத்தில் ஊர் நடுவில், ராஜ வீதிப் பக்கம், பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்று சொந்தம். அதன் முன்பாதியை இடித்துவிட்டுப் புது மாதிரியில் கட்ட ஆரம்பித்தார். பாதியில் வேலை நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால், "சாமி விஷயம்" என்று மட்டும் மேஸ்திரியிடமிருந்து பதில் வந்தது.

"உன்னை அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார் முதலாளி.

"என் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"மத்தவங்களுக்கெல்லாம் இங்க வேலை இருக்கு."

இப்படித்தான் நான் இந்தியாவுக்குக் கிளம்பினேன். கப்பலில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் வாளியைப் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.

மதராஸிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு ராஜமரியாதை. டிரைவர் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல் உட்கார வைத்தார்கள். கொஞ்ச தூரத்தில் எனக்கு அடிப்பக்கம் வேக ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்ஜினும் வெந்துவிட்டது. புகை வந்ததும் எல்லோரும் பழக்கப்பட்டவர்கள் போல இறங்கித் தள்ளப் போனார்கள். நான் மட்டும் வெள்ளை பேண்ட்டில் கௌரவமாக நின்றேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "இன்னா பாரின் சார், வேடிக்கை பாக்குறதுக்குத் தனி டிக்கெட்டு. வா, கை குடு."

தள்ளினேன். எங்கள் ஊரில் பஸ் நின்றால் கம்பெனிக்குப் போன் பண்ணுவார்கள். இங்கே பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே ஒரு கல்யாணம் பேசி முடித்தார்கள். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் என் இரண்டு பக்கமும் தள்ளின.

காஞ்சிபுரத்தில் இறங்கி ஜட்கா வண்டி பிடித்தேன். வண்டிக்கார பாய் வழியெல்லாம் குதிரையிடம் உருதுவில் பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இது வெளிநாட்டு மூட்டை, வெயிட்டு கம்மி, மெதுவா போலாம்னு சொன்னேன்" என்றார்.

ஒரு நெசவாளர் தெருவில் குதிரை நின்றுவிட்டது. தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஆட்கள் நின்று நூலைத் தடவிக்கொண்டிருந்தார்கள். காலையில் அந்தத் தெரு அவர்களுக்குத் தறி. நமக்குத்தான் அது தெரு. நான் அவசரக்காரன். இறங்கி, ஒரு ஓரமாகக் காலைத் தூக்கித் தாண்டப் பார்த்தேன். ஒரு பெரியவர் தெலுங்கில் கத்தினார். தெரு முழுக்கச் சிரித்தது.

"என்ன சொல்றாரு?" என்று பாயிடம் கேட்டேன்.

"உங்க அப்பன் கல்யாணத்துக்கு நெய்யிற பொடவையாம். நீ தாண்டிட்டா அந்தக் கல்யாணம் நின்னுடுமாம். அப்புறம் நீ பொறக்கவே மாட்டியாம்."

தூக்கிய காலை இறக்கினேன். பாவு சுற்றி முடிகிறவரை குதிரையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். குதிரை என்னைவிட மரியாதையாக நின்றது.

நான் பார்க்க வந்த கட்டடத்துக்கு ஊரில் பெயர் கப்பல் ஆபீஸ். கடல் வாசனையே வராத ஊரில் கப்பல் ஆபீஸ்! அதைக் கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு சரித்திரம் வைத்திருந்தார்கள். ஆற்காட்டு நவாப்பின் ஆள் கட்டியது என்றார் ஜட்கா பாய். அவுரிச் சாயம் வியாபாரம் பண்ணிய வெள்ளைக்காரன் கட்டியது என்றார் எதிரே இருந்த காபி கிளப்காரர். யார் கட்டியிருந்தாலும், மூத்திரம் போக இடம் வைக்காமல் கட்டிவிட்டான் என்பதில் மட்டும் ஊருக்கு ஒரே கருத்து.

நிச்சயமாகத் தெரிந்த சரித்திரம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மலேயாவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்பிய கம்பெனி ஒன்று இந்தக் கட்டடத்தைப் பிடித்தது. கம்பி போட்ட ஒரு ஜன்னல் வழியாகக் கப்பல் டிக்கெட் கொடுத்தது. ஜனங்கள் வரிசையில் நின்று, ஜன்னலில் கையை நீட்டி, அடுத்த மாதம் ரப்பர் மரத்தடியில் நின்றார்கள். எங்கள் முதலாளியின் அப்பா அந்த வரிசையில் நின்றவர். மலேயாவில் முன்னுக்கு வந்து, திரும்பி வந்து, இந்தக் கட்டடத்தையே வாங்கிவிட்டார். தன்னை வரிசையில் பிடித்துத் தள்ளிய பியூன் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வாங்கினாராம். என் அப்பாவும் அதே வரிசையில்தான் நின்றார். அவர் மலேயாவில் வாங்கியது மலேரியா.

யுத்த காலத்தில் அதே ஜன்னலில் ரேஷன் கொடுத்தார்கள். அப்புறம் மாடியில் வக்கீல்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. கீழே பட்டு நூல் வியாபாரிகள். வியாபாரிகள் போனபின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வந்தது. இப்போது முன்பாதி போய்விட்டதால் மற்றவர்களெல்லாம் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பின்பாதியில் டைப்ரைட்டிங் மிஷின்கள் மட்டும் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எனக்கும் அங்கேதான் கட்டில் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஏழுமலை மேஸ்திரி வந்து காபி கிளப்புக்கு அழைத்துப் போனார். கட்டடத்தின் புது முகப்பைக் கட்டியவர் அவர்தான். ஒல்லியாக, சாரத்தில் கட்டுகிற மூங்கிலில் ஒன்று இறங்கி வந்து வேட்டி கட்டிய மாதிரி இருந்தார்.

"கோயில் இட்லி சாப்டுங்க சார்" என்றார்.

மந்தாரை இலையில் ஒன்று வந்தது. இட்லி என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது தலையணையை வெட்டி வைத்த மாதிரி இருந்தது. மிளகு முழுசாகக் கிடந்தது, சுக்கு வாசனை மூக்கில் ஏறியது. ஒரு வாய் வைத்ததும் காது இரண்டும் திறந்துகொண்டன. முக்கால் பங்கு தின்றதும், இனி அடுத்த வேளை சோறு வேண்டாம் என்று வயிறு சொல்லிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னொன்று கேட்டேன். எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பு மை. டின் பாலை அடியில் ஊற்றி மறைத்துக் குடிப்போம். இந்தக் காபியில் மறைக்க எதுவும் இல்லை.

"இப்ப சொல்லுங்க மேஸ்திரி, வேலை ஏன் நிக்குது?"

"எறங்கி வந்து நிமிந்து பாருங்க சார்."

பார்த்தேன். முகப்பு நன்றாகத்தான் இருந்தது. பினாங்கில் எங்கள் கடைக்கு எதிரே உள்ள பாங்கு மாதிரியே கட்ட வேண்டும் என்று முதலாளி படம் எடுத்து அனுப்பியிருந்தார். மொட்டை மாடியிலிருந்து வாசல் நிலைக்கு மேல் வரை, நெட்டுக்குத்தாக மூன்று கான்கிரீட் பட்டைகள். இரண்டு ஓரத்திலும் வெள்ளை, நடுவில் சிவப்பு. கீழே மூன்றும் சேர்கிற இடம் மட்டும் முடியவில்லை. கம்பிகள் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கின.

"நல்லாத்தானே இருக்கு?"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் நீங்க! ரெண்டு வெள்ளை, நடுவுல செவப்பு. நாமம் சார்!"

அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் வேறு எதுவும் தெரியமாட்டேன் என்கிறது. கட்டடம் பூராவும் ஒரு மூஞ்சி. மாடி ஜன்னல் இரண்டும் கண். நடுவில் பளிச்சென்று நாமம்.

மேஸ்திரி மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினார். "அடியில வெறும் வளைவா வுட்டா வடகலை. வளைவுக்குக் கீழ, மூக்கு மேல எறங்குறாப்ல பாதம் வெச்சா தென்கலை. நான் ரெண்டையும் நெனைக்கல சார். கம்பி கட்டிக்கினு இருந்தேன். கலவை போடுற அன்னிக்கு ரெண்டு சாமிங்களும் வந்து நின்னுட்டாங்க. வளைச்சா அவரு கோர்ட்டுக்குப் போவாராம். பாதம் வெச்சா இவரு போவாராம்."

அந்த இரண்டு சாமிகளையும் அன்றே பார்த்தேன். கட்டடத்துக்கு எதிரே நிழலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ராகவன் சாமி வடகலை. தபால் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். வரதன் சாமி தென்கலை; பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இருவரும் பல வருஷமாக அந்த பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பாதிப் பாதியாகப் படிக்கிறவர்களாம். இப்போது பேப்பரோடு கட்டடத்தையும் காவல் காக்கிறார்கள்.

"பெருமாள் போற வீதி ஓய். பாதமில்லாம நாமம் நிக்கறதாவது!" என்றார் வரதன் சாமி.

"காலை வெச்சுக் கெடுக்கறது உம்ம வழக்கம். கட்டடத்தையாவது விட்டு வையும்" என்றார் ராகவன் சாமி.

"நாளைக்கே கேஸ் போடறேன்."

"போடும். உம்ம மாட்டுப்பொண்ணுக்கு ஜுரம் விட்டுதா?"

"விட்டுடுத்து. உம்ம ஆத்துலேருந்து வந்த கஷாயம்தான் கேட்டுது."

"இன்னும் ரெண்டு வேளை குடுக்கச் சொல்லும். பாதம் மட்டும் வெச்சா நான் சும்மா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

எங்கள் பினாங்கில் ஒரே தெருவில் சீனக் கோயிலும் மாரியம்மன் கோயிலும் மசூதியும் இருக்கின்றன. அங்கே சண்டை வருவது லாரி நிறுத்துகிற இடத்துக்கு மட்டும்தான். இதென்ன பெரிய சண்டை, ஒரு தட்டு தட்டினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பவன் முட்டாள் என்று சொல்ல அந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. முதலில் சொன்னவர் கோமளா டீச்சர்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் அவருடையது. நெசவுக்காரக் குடும்பத்தில் இருந்து வந்தவர். கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். கையில் ஒரு ஸ்கேல். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது ஸ்கேலால் கட்டில் காலைத் தட்டினார்.

"பினாங்குக்காரரே, எந்திரிங்க. உங்க மொதலாளிக்கு இது கட்டடம். எனக்கு பரீட்சை."

விஷயம் இதுதான். கவர்ன்மெண்ட் டைப்ரைட்டிங் பரீட்சை வருகிறது. அதை இந்தக் கட்டடத்திலேயே நடத்த டீச்சர் அனுமதி கேட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்ப்பார். முகப்பு முடியாமல், தலைக்கு மேல் கம்பி தொங்கினால் ஒப்புக்கொள்ளமாட்டார். அப்புறம் எல்லோரும் செங்கல்பட்டுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். மிஷினையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"போகட்டுமே டீச்சரம்மா. பக்கம்தானே?"

"பசங்க போவானுங்க. பொண்ணுங்கள யாரு அனுப்புவாங்க? இங்க தெருக்கோடியில இருக்குதுன்னு சொல்லித்தான் ஒவ்வொரு வீட்லயும் கெஞ்சி இட்டாந்தேன். எல்லாத்துக்கும் மாப்ள பாத்துக்கினு இருக்காங்க. இந்தப் பரீட்சை தவறினா, அடுத்த பரீட்சைக்கு இவளுங்க கையில கொழந்த இருக்கும். கொழந்தைய வெச்சுக்கினு டைப் அடிப்பாளுங்களா?"

பின்னால் சாக்கை விலக்கிவிட்டு இரண்டு பெண்கள் ஒரே மிஷினில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வேதா, ராகவன் சாமியின் பேத்தி. இன்னொருத்தி ஆண்டாள், வரதன் சாமியின் கடைசிப் பெண். ஒருத்தி அடிக்கும்போது இன்னொருத்தி காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் நடக்கும் யுத்தம் அவர்கள் காதில் விழவில்லை. மிஷின் சத்தம் அப்படி.

"மழை வேற வரப்போவுது" என்றார் டீச்சர். "முன்பக்கம் தெறந்து கெடக்குது. சாரல் அடிச்சா மிஷின் துருப்புடிச்சிரும். ஏதாவது பண்ணுங்க. இல்ல, கட்டிலக் காலி பண்ணுங்க. அந்த எடத்துல ஒரு மிஷினாவது போடறேன்."

எனக்கு ரோஷம் வந்தது. நான் ரோஷம் வந்தால் மூளையைக் கேட்காமல் வேலை செய்கிறவன்.

முதல் யோசனை: மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் நாமம் போய்விடும். நடுப்பட்டையை உடைக்கலாம் என்றேன். மேஸ்திரி, "அதுதான் சார் பால்கனிய தாங்கிக்கினு நிக்குது. ஒடச்சா ஒங்க தலையில எறங்கும்" என்றார். அதற்குள் விஷயம் பெஞ்சுக்கு எட்டிவிட்டது. இரண்டு சாமிகளும் இந்தச் சண்டையில் முதல்முறையாக ஒன்று சேர்ந்து என்னிடம் வந்தார்கள்.

"நடுவில இருக்கறது தாயார், மகாலக்ஷ்மி!" என்றார் ராகவன் சாமி.

"பெருமாள் நெத்திலேருந்து தாயாரை எடுக்கச் சொன்ன மகாபாவி யார்?" என்றார் வரதன் சாமி.

நான் மேஸ்திரியைக் கைகாட்டினேன். மேஸ்திரி என்னைக் கைகாட்டினார்.

இரண்டாவது யோசனையும் என்னுடையதுதான். நெட்டுக்குத்துக்கு மேலே குறுக்குப் பட்டை போட்டால் கட்டம் கட்டமாகிவிடும், நாமம் மறையும். மரப்பலகையில் வெள்ளையடித்து, மாதிரிக்கு மூன்றைக் குறுக்கே கட்டித் தூக்கினோம். ஏணி சரிந்தது அப்போதுதான். நான் மணல் குவியலில் விழுந்து எழுந்து நிமிர்ந்து பார்த்தால், அந்த வழியாகப் போன ஓதுவார் ஒருவர் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். "திருநீறு! முப்பட்டை! ஊருக்கு நல்ல காலம்" என்கிறார்.

பெஞ்சிலிருந்து வந்த சத்தத்தில் குதிரை வண்டி ஒன்று திரும்பிப் போய்விட்டது. பலகையைச் சாயங்காலத்துக்குள் இறக்கிவிட்டோம்.

மூன்றாவது நாள் கலரை மாற்றினேன். கலர்தானே தகராறு? நடுவில் இருந்த சிவப்பு இருக்கட்டும், ஓரத்து வெள்ளையைக் கறுப்பாக்கிவிடலாம். காலையிலேயே நானே வாளியும் மட்டையுமாக ஏறி அடித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே இறங்கியதும் ஒரு தையல்காரர் கறுப்புச் சட்டையில் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தோழரே! நம்ம கொடி! நடு ஊர்ல, நாமம் இருந்த எடத்துலயே! யார்யா நீ, எந்தக் கிளை?"

"நான் பினாங்கு."

"பினாங்குலயும் கிளை இருக்குதா!"

மத்தியானம் அவர் நாலு பேருடன் மாலை கொண்டுவந்தார். மாலை எனக்கு என்று நினைத்துக் கழுத்தை நீட்டினேன். கட்டடத்துக்காம். மறுபடி வெள்ளையடித்தேன். கறுப்பு மேல் வெள்ளை பிடிக்காமல் சாம்பல் ஆகிவிட்டது. இரண்டு சாமிகளும், "இது எந்த மதம்?" என்று கேட்டார்கள். இன்னொரு பூச்சு அடித்துத்தான் பழைய வெள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அன்றைக்குத்தான் முதல் மழை. பெரிய மழை இல்லை. ஆனால் சாரல் நேராக உள்ளே வந்தது. கோமளா டீச்சரும் பெண்களும் மிஷின்களைச் சுவர் ஓரமாகத் தள்ளினார்கள். நான் என் கட்டிலை நிமிர்த்தி மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேதாவும் ஆண்டாளும் தாவணியால் மிஷினைத் துடைத்தார்கள். டீச்சர் சாரல் பட்ட மிஷின்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் திட்டாதது எனக்குப் பயமாக இருந்தது.

மழை விட்டதும் டீச்சர் உள்ளே போனார். பின்கட்டில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த பழைய போர்டை இழுத்தார். கல்யாணப் பந்தியில் போடுகிற ஜமக்காளம் மாதிரி அகலமும் நீளமும். "டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், லோயர், ஹையர், ஆண் பெண் இருபாலருக்கும்" என்று நீலத்தில் எழுதியிருந்தது. பெண்கள் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டார்கள். நேராக வாசலுக்கு, பெஞ்சுக்கு எதிரே போய் நின்றார்கள்.

"சாமி, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க" என்றார் டீச்சர். "இன்ஸ்பெக்டரு வரப்போறாரு. வாசல்ல போர்டு இருக்கணும். நான் மாட்டப் போறேன். போர்டு மாட்டினா கேஸ் போடுவீங்களா?"

"போர்டுக்கு எதுக்கும்மா கேஸ்?" என்றார் ராகவன் சாமி.

"சம்பந்தமே இல்லியே" என்றார் வரதன் சாமி.

"மேஸ்திரி, ஏறுங்க."

மேஸ்திரி ஏறினார். நான் ஏணியைப் பிடித்தேன். முதலில் மாடிக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

"அங்க வெச்சா காக்காதான் படிக்கும். எறக்குங்க" என்றார் டீச்சர்.

ஜன்னலுக்கு நேராக இறக்கினார்.

"வெளிச்சம் வர வேணாமா? பொண்ணுங்க கண்ணு போவணுமா? இன்னும் எறக்குங்க."

வாசல் நிலைக்கு மேலே வந்தது. பட்டைகள் மூன்றும் சேர்கிற இடம், கம்பி தொங்குகிற இடம், இத்தனை மாதமாகச் சண்டை நடந்த இடம், அப்படியே போர்டுக்குப் பின்னால் போய்விட்டது. மேலே மூன்று பட்டை மட்டும் நேராக நின்றது. அடியில் என்ன என்று இனி யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி கீழே பார்த்தார். நான் மேலே பார்த்தேன். இரண்டு சாமிகளும் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார்கள்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார் வரதன் சாமி.

ஆண்டாள் போர்டின் அடிமுனையை எட்டிப் பிடித்தபடி திரும்பினாள். "அப்பா, நான் செங்கல்பட்டு போகட்டுமா?"

வரதன் சாமி உட்கார்ந்துவிட்டார். ராகவன் சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேதா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர்டின் அடி ஓரத்துத் தூசியை எட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

"ஆணிய அடிங்க" என்றார் டீச்சர். அப்புறம் என் பக்கம் குனிந்து, மெதுவாக, "தொங்குற கம்பி மேல போர்டு நிக்காது. பின்னாடி கலவை போட்டு அடைச்சிடுங்க. எப்படி அடைச்சீங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது" என்றார்.

மறுநாள் மேஸ்திரியும் நானும் முகப்பைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி மறைத்துக்கொண்டு, போர்டை முன்னால் தள்ளிக் கட்டி, பின்னால் வேலை செய்தோம். நான் கலவை எடுத்துக்கொடுத்தேன். மேஸ்திரி கரணையால் போட்டார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இன்னா சார், எப்டி வுடட்டும்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

சாயங்காலம் தட்டியை எடுத்ததும் முதலில் வந்தவர் ராகவன் சாமி. குடையை ஊன்றிக்கொண்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"பின்னாடி வளைவுதானே?"

"வளைவுதான் சாமி."

முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு அடி போனவர் திரும்பி வந்தார். "வரதன்கிட்ட சொல்லிடாதேயும். பாவம், ரொம்ப நொந்துபோயிடுவான். ஏற்கெனவே அவனுக்கு ரத்தக்கொதிப்பு."

கொஞ்ச நேரத்தில் வரதன் சாமி வந்தார். காபி கிளப் பக்கம் ஒதுக்கிக்கொண்டுபோய், "பாதம் இருக்கோ?" என்றார்.

"பாதம் இல்லாம நிக்குமா சாமி?"

கண்ணை மூடித் திறந்தார். "க்ஷேமமா இரும். ஒண்ணு மட்டும். ராகவன் காதுக்குப் போகப்படாது. அவனுக்கு வேற யாரு இருக்கா, பேசிண்டிருக்க? என் மேல கோவிச்சுண்டு அந்த பெஞ்சுக்கு வராம போயிட்டான்னா?"

அன்று முழுக்க நான் சொன்ன பொய் அந்த இரண்டுதான். நான் வழக்கமாகச் சொல்கிற கணக்குக்கு மிகக் குறைவு.

இன்ஸ்பெக்டர் வந்தார். போர்டைப் படித்தார், மிஷின்களைத் தட்டிப் பார்த்தார், என் கட்டிலைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். "மழைக்கு" என்றார் டீச்சர். ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

பரீட்சை அன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. முன்பக்கம் கதவு போட்டாகிவிட்டது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மணி அடித்ததும் எல்லா மிஷினும் ஒன்றாகக் கிளம்பின. மழைச் சத்தம் பெரிதா, டைப் சத்தம் பெரிதா என்று தெரியவில்லை. இடிபடாமல் தப்பிய பழைய டிக்கெட் ஜன்னல் ஓரத்தில் வேதா, அவளுக்குப் பின்னால் ஆண்டாள். டீச்சர் வெளியே நின்றார், உள்ளே போக அனுமதி இல்லை. ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே அடிக்கிற வேகத்துக்குக் கட்டை விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் இரண்டு சாமிகளும் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்து, கட்டடத்தின் நெற்றியைப் பார்த்து ஆளுக்கொரு கும்பிடு போட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து ரொம்ப இரக்கமாகச் சிரித்துக்கொண்டார்கள்.

பெண்கள் எல்லோரும் எழுதினார்கள். எல்லோரும் பாஸ் என்று அப்புறம் சேதி வந்தது. எங்கள் முதலாளிக்குக் கட்டடம் முடிந்ததில் சந்தோஷம், போர்டு முகப்பை மறைப்பதில் வருத்தம். அதை எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பட்டுமா என்றார். அனுப்பினால் நான் இல்லாத ஆளாகப் பார்த்து அனுப்புங்கள் என்றேன்.

இங்கே பினாங்கில் யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். போர்டுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது? வளைவா, பாதமா? மேஸ்திரிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படிக்கிற உங்களிடம் சொல்வதில் தப்பில்லை, நீங்கள் யாரும் அந்த பெஞ்சில் உட்காரப் போவதில்லை. அன்று கரணையை நிறுத்திவிட்டு மேஸ்திரி என்னைக் கேட்டார் அல்லவா, நான் அவரிடம் சொன்னது என்னவென்றால், "மேஸ்திரி, அடியில் நீங்கள்..."

"டேய்! லாரி வந்து எவ்வளவு நேரமா நிக்குது, பேலை யாரு எறக்குவா? எழுதுறானாம் எழுத்து! எழுந்து வாடா!"

இதோ வந்துட்டேன் முதலாளி.